தண்டையார்பேட்டை டியூஷன் சர்வர்: பெயரைப் பறித்துக்கொண்ட 560 ரூபாய் கார்டு

வணக்கம் மக்களே. குரல் கட்டியிருக்கிறது, நேற்று இரவு ஒரு மணி வரை தண்டையார்பேட்டை அக்காவின் டியூஷனில் இருந்தேன். அதே சர்வர்தான். ஹார்டு டிஸ்க் இல்லாத ஒன்பது பழைய கணினிகள் எல்டிஎஸ்பி மூலம் ஒரே சர்வரிலிருந்து லினக்ஸை இழுத்துக்கொண்டு எழுந்ததைக் காட்டினேனே, அது.

பிள்ளைகளுக்கு இணையமும் வேண்டும் என்றார் அக்கா. சர்வரில் இருந்ததோ ஒரே நெட்வொர்க் போர்ட். இன்னொரு நெட்வொர்க் கார்டு வாங்க மெட்ரோ ஏறி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். 650 சொன்னார், 560க்கு இறக்கினேன். கார்டைப் பெட்டியோடு பிடித்துவைக்கும் தகரம் உயரமானது, நம் பெட்டியோ ஒல்லி. குட்டைத் தகரத்துக்குத் தனியாக 40 ரூபாயாம்! கொடுப்பேனா? தகரத்தையே கழற்றிவிட்டுச் செருகினேன். கேபிளைப் பிடுங்கும்போதெல்லாம் கார்டை விரலால் அழுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது, பரவாயில்லை. மிச்சம் பிடித்த காசுக்கு மண்ணடியில் இறங்கி அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டேன்.

இனி வயிற்றெரிச்சல். சர்வரைப் போட்டால், நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கிறேன் என்று இரண்டு நிமிடம் அப்படியே நிற்கிறது. பிறகு எழுகிறது. ஆனால் ஒன்பது திரையிலும் பிஎக்ஸ்இ-இ51 என்ற பிழை. நெட்வொர்க் முகவரி தர யாருமே முன்வரவில்லை என்று அர்த்தம். கணினிகளையெல்லாம் சர்வரோடு இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். பயனில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கார்டைச் செருகிய கொஞ்ச நேரத்தில், "தம்பி, என் போனில் வைஃபை இருக்கிறது, இணையம்தான் வரவில்லை" என்றார் அக்கா. மோடம் கோளாறு என்று தள்ளிவிட்டேன். பதினொரு மணிக்குத்தான் அந்த போனை வாங்கிப் பார்த்தேன். முகவரி 192.168.67 என்று தொடங்குகிறது. அது பிள்ளைகளின் கணினிகளுக்காக நான் ஒதுக்கியது! போனுக்கு எப்படிப் போனது?

சர்வரில் ஒரு கேபிளைப் பிடுங்கிப் பார்த்ததும் புரிந்தது. பழைய போர்ட் சுவிட்சுக்கு, புதிய கார்டு மோடத்துக்கு. பழைய போர்ட்டின் பெயர் இஎன்பி2எஸ்0. பிசிஐ வரிசையை, அதாவது போர்டில் கார்டுகள் இணையும் வரிசையை வைத்துத்தான் லினக்ஸ் இந்தப் பெயரைச் சூட்டுகிறது. புதிய கார்டு வரிசையில் முன்னால் புகுந்து அந்தப் பெயரைப் பறித்துக்கொண்டது. பழையது இஎன்பி3எஸ்0 ஆகிவிட்டது. நானோ புதியதுதான் 3 என்று நம்பி நெட்வொர்க் அமைப்பில் எழுதியிருந்தேன். ஆகவே 67.1 என்ற நிலையான முகவரி மோடம் பக்கம் போய், முகவரி வழங்கும் நிரலான டிஎன்எஸ்மாஸ்க் அங்கே உட்கார்ந்து அக்காவின் போனுக்கு முகவரி வழங்கிக்கொண்டிருந்தது. சுவிட்ச் பக்கம் சர்வரே முகவரி கேட்டுக் கையேந்தி நின்றது. அந்த இரண்டு நிமிடம் இதற்குத்தான்.

இரண்டு கேபிளையும் இடம் மாற்றினால் போதுமே என்பீர்கள். போதும்தான், ஆனால் எனக்குப் பிடிக்காது. நாளை யாராவது கார்டைக் கழற்றினால் மறுபடி இதே கூத்து. நெட்வொர்க் அமைப்பை எழுதிவைக்கும் நெட்பிளான் கோப்பில் பெயரை நம்பாமல், ஒவ்வொரு போர்ட்டுக்கும் உரிய தனி எண்ணான மேக் முகவரியை எழுதி அடையாளம் காட்டினேன். அதிலும் ஓரிடத்தில் டேப் தட்டிவிட்டேன். அந்தக் கோப்பின் வடிவமான யாமலுக்கு ஸ்பேஸ்தான் வேண்டுமாம்! சரியான சீமைத் துரை. கோப்பை மாற்றுகிறவர்கள் முதலில் 'நெட்பிளான் ட்ரை' கொடுங்கள். 120 விநாடிக்குள் சரி என்று சொல்லாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும்.

எட்டு கணினிகள் எழுந்துவிட்டன. ஒன்பதாவதில் அமைப்புகளை நினைவில் வைக்கும் சீமாஸ் பேட்டரி செத்துவிட்டதால், மின்சாரம் போய் வந்தால் எதிலிருந்து எழ வேண்டும் என்ற பூட் வரிசையை மறந்துவிட்டு இல்லாத ஹார்டு டிஸ்க்கைத் தேடுகிறது. பேட்டரி வாங்கிவருகிறேன் என்றேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியும் வரை இந்தப் பக்கம் வராதே என்றுவிட்டார் அக்கா.