தூரத்துக் காட்டில் கன்று பிழைக்க: உரமும் காவலும்

[காட்சி: விடியற்காலை. பேரையூர் தாண்டிச் சாப்டூர் போகிற பாதை. பின்னால் மேற்கு மலை.]

வணக்கம். மதுரை மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், மலையடிவாரத்துக்கு முன்னால் ஒரு செம்மண் மேட்டில் நிற்கிறேன். கிணறு கிடையாது, கரண்ட் கிடையாது. கூப்பிடுகிற தூரத்தில் ஒரு வீடும் இல்லை. நான் குடியிருப்பது மதுரை டவுனில். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பிவிடுவேன். மீதி ஆறு நாளும் இந்தக் கன்றுகள் தனியாகத்தான் நிற்கின்றன.

உங்களில் நிறையப் பேருக்கும் இப்படி ஒரு மானாவாரிக் காடு இருக்கும். தாத்தா கடலை போட்ட நிலம், இப்போது சும்மா கிடக்கும். நாலு நெல்லி, பத்து சீத்தா வைக்கலாம் என்று ஆசையாக நட்டிருப்பீர்கள். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் குச்சிகூட இருந்திருக்காது. நாம் போகிற அந்த ஒரு நாளில் எவ்வளவு ஊற்றினோம், எவ்வளவு போட்டோம் என்பதைவிட, போகாத ஆறு நாளும் அங்கே என்ன நடக்கிறது என்பதுதான் கன்று பிழைப்பதைத் தீர்மானிக்கிறது. இந்த வீடியோ முழுக்க அதைப் பற்றித்தான்.

[காட்சி: தோண்டிப் போட்ட குழி, பக்கத்தில் சாய்ந்து கிடக்கும் காய்ந்த கன்று.]

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் ஐப்பசியில் அறுபது ஒட்டு நெல்லி நட்டேன். நன்றாக வளரட்டும் என்று மீன் அமிலம் தயாரித்து, அடியில் தங்கிய கசடோடு சேர்த்து வேர்ப் பக்கம் ஊற்றிவிட்டுப் போனேன். மீன் அமிலம் நல்ல உரம்தான், அதில் சந்தேகமே இல்லை. மீன் கழிவும் வெல்லமும் சம எடை போட்டு ஊறவைத்தது. ஆனால் அந்த வாடை காட்டுப்பன்றிக்கு என்ன சொல்லும் என்று நான் யோசிக்கவில்லை. அடுத்த ஞாயிறு வந்தபோது இருபத்து மூன்று கன்றுகள் வேரோடு கிடந்தன. பன்றி கன்றைத் தின்னவே இல்லை. அடியில் மீன் இருக்கிறது என்று நினைத்துத் தோண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து உரத்தையும் காவலையும் நான் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. எதைப் போட்டாலும், இதன் வாடைக்கு யார் வருவார்கள் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. எலும்புத்தூள் போட்டால் நாயும் நரியும் கிளறும். வெல்லம் கலந்த கரைசலைத் தரையில் ஊற்றினால் எறும்பு மொய்க்கும். வீட்டு வாசலில் இருக்கிற தோட்டத்தில் இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. கையால் தள்ளிவிட்டுப் போய்விடலாம். ஆள் இல்லாத காட்டில் அப்படி முடியாது.

சரி, அப்படியென்றால் என்ன உரம் போடுவது?

நடுவதற்கு முன்னாலேயே பெரும்பகுதியைக் கொடுத்துவிடுங்கள். ஆடி மாதம் மூன்றடிக்கு மூன்றடி குழி எடுத்து, வெயிலில் ஆறப் போடுங்கள். மேல் மண்ணைத் தனியாகக் குவியுங்கள். குழியை மூடும்போது அந்த மேல் மண்ணோடு ஒரு கூடை மக்கிய தொழுஉரமும் அரைக் கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து போடுங்கள். மக்கிய என்ற வார்த்தையை அழுத்திச் சொல்கிறேன். பச்சைச் சாணத்தில் வண்டுகள் முட்டையிடும். அதிலிருந்து வெள்ளைப் புழு வந்து வேரைத் தின்னும். அந்தப் புழுவைத் தேடிப் பன்றி மறுபடியும் தோண்டும். கையில் எடுத்தால் சாண வாடை அடிக்கக் கூடாது, மண் வாடை அடிக்க வேண்டும். அதுதான் பதம்.

[காட்சி: அடைத்து நிற்கும் செம்மறிக் கிடை. மாலை வெளிச்சம்.]

இதைவிட நல்ல வழி ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. கிடை போடுவது. கோடையில் செம்மறி மந்தையை ஓட்டிக்கொண்டு கீதாரிகள் வருவார்கள். இரண்டு மூன்று ராத்திரி நம் நிலத்தில் கிடை அமர்த்தச் சொன்னால், புழுக்கையும் மூத்திரமும் நிலம் முழுக்கப் பரவிவிடும். வண்டி வாடகை இல்லை, அள்ளிக் கொட்ட ஆள் தேட வேண்டியதில்லை. ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம் என்று நம் ஊரில் சொல்வார்கள். ஆட்டுப் புழுக்கை சீக்கிரம் பலன் தரும், மாட்டுச் சாணம் மெதுவாக மக்கி அடுத்த வருஷத்துக்கும் நிற்கும். எனக்கு இரண்டும் வேண்டும். நடும் முன்னால் கிடை, குழிக்குள் தொழுஉரம்.

யூரியா பற்றிக் கேட்பீர்கள். தண்ணீர் பாய்ச்ச முடியாத இடத்தில் அதைத் தூவிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மண்ணுக்குள் இறங்காமல் மேலே கிடந்தால் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். வேர்ப் பக்கம் குவிந்து கிடந்தால் லேசான தூறலில் கரைந்து இளவேரைக் கருக்கும். ரசாயன உரம் போட்டே ஆக வேண்டும் என்றால், நல்ல மழை பெய்து மண் நனைந்த பிறகு, கொஞ்சமாக, தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டு மண்ணால் மூடுங்கள்.

வருஷா வருஷம் தானாகவே கிடைக்கிற உரம் கொழுஞ்சி. மானாவாரிக்கென்றே பிறந்த செடி. காற்றில் இருக்கிற தழைச்சத்தை வேர் முடிச்சில் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். ஆடு மாடு இதை விரும்பி மேயாது, தூரத்து நிலத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு தடவை விதைத்தால் காய் வெடித்துத் தானே முளைக்கும். விதைத் தோல் மட்டும் கெட்டி. அப்படியே வீசினால் பாதி முளைக்காது. கரகரப்பான மணலோடு சேர்த்து நன்றாகத் தேய்த்துவிட்டு விதையுங்கள். பூ எடுக்கும்போது அறுத்துக் கன்றைச் சுற்றி மூடாக்காகப் போடுங்கள். தண்டை ஒட்டி மட்டும் போடாதீர்கள், நாலு விரல் இடைவெளி விடுங்கள்.

மூடாக்கு போட்டால் கரையான் வரும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. வரத்தான் செய்யும். ஆனால் கரையான் முதலில் தேடுவது காய்ந்த சருகையும் குச்சியையும்தான். தண்ணீர் இல்லாமல் வாடிய கன்றில்தான் அது சுலபமாக ஏறும். அதனால் கரையானுக்கும் முதல் மருந்து ஈரம்தான்.

[காட்சி: கழுத்துவரை புதைத்த பானை. மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றும் கை.]

ஈரத்துக்கு நான் நம்புவது பானை. பூச்சு இல்லாத சாதாரண மண்பானை. கன்றிலிருந்து ஓரடி தள்ளி, கழுத்து மட்டும் தெரியும்படி புதைத்து, நிறைய ஊற்றி மூடிவிட வேண்டும். சுற்றி மண் காயக் காயப் பானை கசியும், மண் ஈரமாக இருந்தால் கசிவு குறையும். வேர் தானாகப் பானையைத் தேடி வந்து அதைச் சுற்றிக்கொள்ளும். என் நிலத்தில் ஏழு லிட்டர் பானை கோடையில் ஐந்தாறு நாள் தாங்குகிறது. மூடி அவசியம். இல்லையென்றால் கொசு முட்டையிடும், ஓணான் விழுந்து சாகும். பானை வாங்கும்போது உள்ளே தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் பாருங்கள். வெளிப்பக்கம் வேர்த்தால்தான் வாங்க வேண்டும். வேர்க்காத பானை புதைத்தும் பிரயோஜனம் இல்லை. உப்புத் தண்ணீர் ஊற்றினால் இரண்டு மூன்று வருஷத்தில் பானையின் நுண்ணிய துளைகள் அடைத்துக்கொள்ளும், அப்போது மாற்ற வேண்டியதுதான்.

சரிவான நிலமாக இருந்தால் கன்றுக்குக் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் ஒரு வரப்பு போடுங்கள். மழைத் தண்ணீர் அங்கே நின்று இறங்கும். நம் பக்கம் அதிக மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த மழையை இந்த வரப்பில் பிடித்து வைத்தால் மாசிவரை பானைக்கு வேலை குறைவு.

[காட்சி: மூன்று வெவ்வேறு கன்றுகளின் கடிபட்ட நுனிகள், மிக அருகில்.]

இப்போது காவல். வேலி போடுவதற்கு முன்னால், யார் வந்து போனார்கள் என்று கன்றைப் பார்த்துப் படிக்கத் தெரிய வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு அதிக நாள் ஆனது.

இந்த முதல் கன்றைப் பாருங்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கத்தியால் சாய்வாக வெட்டினது மாதிரி சுத்தமான வெட்டு. இது முயல். இரண்டாவதில் நுனி பிய்ந்து நார் தொங்குகிறது. ஆட்டுக்கும் மானுக்கும் மேல்வரிசையில் முன்பல் கிடையாது, அதனால் கடித்து இழுத்துத்தான் பிய்க்கும். ஆடா மானா என்று கேட்டால், தரையைப் பார்க்க வேண்டும். ஆடு கூட்டமாக வரும், புழுக்கை நிறையக் கிடக்கும், பக்கத்தில் ஆள் காலடியும் இருக்கும். மூன்றாவதில் அடிமரத்துப் பட்டை சுற்றிலும் உரிந்து பல் தடம் தெரிகிறது, முள்ளம்பன்றி. காட்டுப்பன்றிக்கு அடையாளமே சொல்ல வேண்டாம், நிலமே உழுத மாதிரி இருக்கும்.

ஒட்டுக் கன்று வைத்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஆடு கடித்த கன்று மறுபடி துளிர்த்தால் பிழைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவோம். ஒட்டு போட்ட இடத்துக்கு மேலே துளிர்த்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கீழே இருந்து வந்திருந்தால் அது ஒட்டுக்கு வேராக வைத்த அடிக்கட்டையின் துளிர், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரகம் போய்விட்டது. நாலு வருஷம் தண்ணீர் ஊற்றின பிறகு காய்த்ததைப் பார்த்து ஏமாறுவதைவிட, இப்போதே புதுக் கன்று வைப்பது நல்லது.

முயலுக்கும் ஆட்டுக்கும் ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் முள் கட்டுவதே போதும். சீமைக் கருவேல முள் எங்கும் கிடைக்கிறது. நெற்று இல்லாத கிளையாகப் பார்த்து வெட்டுங்கள். நெற்றோடு கொண்டுவந்தால் ஆடு அதைத் தின்னத் தேடி வரும், விதை விழுந்து நிலமெல்லாம் முளைக்கும். காய்ந்த முள் ஒரு வருஷம் தாங்கும், அப்புறம் கரையான் அரித்துவிடும். அதற்குள் எல்லையைச் சுற்றிக் கிளுவைப் போத்து, அதாவது கிளுவை மரத்தின் கிளைத் துண்டு, ஊன்றிவிட வேண்டும். மழைக்கு முன்னால், அரையடி இடைவெளியில், நெருக்கமாக. கிளுவை வேர் பிடித்துவிட்டால் நம் காலத்துக்குப் பிறகும் நிற்கும்.

சாணிப்பால் தெளிப்பதையும் மறக்க வேண்டாம். சாணத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி இலையில் அடித்தால் ஆடு வாய் வைக்காது. மழை பெய்தால் போய்விடும், திரும்ப அடிக்க வேண்டும். இலை வழியாகச் சத்து கொடுக்க விரும்பினால் பசுவின் சாணம், மூத்திரம், பால், தயிர், நெய் சேர்த்து ஊறவைத்த பஞ்சகவ்யம், பத்து லிட்டர் தண்ணீருக்கு முந்நூறு மில்லி, சாயங்கால வேளையில். வேரில் ஊற்றாமல் இலையில் மட்டும் அடிக்கிறேன், காரணம் முன்னமே சொன்ன வாடைதான்.

காட்டுப்பன்றிக்குப் பழைய சேலையைச் சுற்றிக் கட்டுவது, ஒளி நாடா கட்டுவது எல்லாம் கொஞ்ச நாள் வேலை செய்யும். பழகிவிட்டால் பயப்படாது, இடம் மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். நிலையான பலன் கொடுத்தது, அதைக் கூப்பிடுகிற வாடையை நிலத்தில் வைக்காததுதான். கரண்ட் கம்பியிலிருந்து வேலிக்கு மின்சாரம் இழுப்பதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். அது குற்றம். விறகு பொறுக்க வருகிற அக்காவும், காணாமல்போன ஆட்டைத் தேடி ராத்திரி வருகிற பையனும் அதில்தான் சாகிறார்கள். பன்றி, மான், மயில் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறவை. சுருக்கு, வெடி எதுவும் வேண்டாம். இந்த மலைப் பக்கம்தான் 2021-இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். அவற்றின் வீட்டு வாசலில்தான் நாம் கன்று வைத்திருக்கிறோம்.

[காட்சி: வேப்பமர நிழல். கம்பை ஊன்றி உட்கார்ந்திருக்கும் பெரியவர், முகம் காட்டவில்லை.]

எனக்கு அமைந்த நல்ல காவல் இவர். முதல் வருஷம் இவருடைய ஆடுகள்தான் பத்துக் கன்றைத் தின்றன. கோபமாகத்தான் பேசப் போனேன். "தம்பி, நீங்க ஞாயித்துக்கெழம வர்றீக. நா தெனமும் இங்கதான் கெடக்கேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா வெலக்கி ஓட்டியிருப்பேன்ல" என்றார். பதில் சொல்ல முடியவில்லை எனக்கு. இப்போது கன்று இல்லாத மேற்குப் பக்கம் அவர் மேய்த்துக்கொள்கிறார். வரும்போது அவருக்கு வெற்றிலை பாக்கு வாங்கி வருவேன். பானை உடைந்தாலும், பன்றி வந்தாலும், எனக்கு முதல் போன் அவரிடமிருந்துதான் வருகிறது.

என்ன மரம் வைப்பது என்பதையும் ஆட்டை மனதில் வைத்தே முடிவு செய்யலாம். சீத்தா இலையை ஆடு தொடாது. அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஏ.பி.கே. 1 சீத்தா நம் வறட்சிக்கு ஏற்றது. அதை ஓரத்து வரிசைகளில் வைத்து, நெல்லியை நடுவில் வைத்திருக்கிறேன். நெல்லி வைக்கிறவர்கள் ஒரே ரகமாக வைக்காமல் இரண்டு மூன்று ரகம் கலந்து வையுங்கள், மகரந்தம் மாறினால்தான் காய் நன்றாகப் பிடிக்கும்.

தை முடிந்ததும் ஒரு வேலை இருக்கிறது. எல்லையைச் சுற்றிப் பத்தடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி, மண் தெரியும்படி உழுது விடுங்கள். பங்குனி வெயிலில் யாரோ போட்ட பீடித் துண்டு போதும், மூடாக்கோடு சேர்ந்து எல்லாம் எரிந்துவிடும். இந்தப் பக்கம் கருகி நிற்கிற பனைகளைப் பார்க்கிறீர்களே, போன வருஷத்துத் தீ. அந்த உழவுச் சால்வரை வந்து நின்றுவிட்டது.

[காட்சி: பானை வரிசை. ஒவ்வொன்றாக மூடி திறந்து, குச்சி விட்டு அளக்கிறார்.]

இன்றைக்கு முப்பத்தேழு பானை பார்க்க வேண்டும், வெயில் ஏறுவதற்குள் தொடங்குகிறேன். குச்சியில் நாலு விரல் ஈரம் இருந்தால் அடுத்த ஞாயிறுவரை தாங்கும். இதில் இரண்டு விரல்தான் இருக்கிறது, குடத்தை இப்படிக் கொண்டு வாருங்கள்.