கொழுப்பு போடும் கடிதம்

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை இரண்டு நாளாக விடவில்லை. "ரத்தத்தில் உள்ள புரதங்களை அளந்தே உடல் பருமனையும் இரண்டாம் வகை நீரிழிவையும் சொல்லிவிடலாம் என்கிறார்களே, நானும் அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளட்டுமா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

அதில் ஒன்றை நீங்கள் அநேகமாக ஏற்கெனவே செய்திருப்பீர்கள். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி என்று எச்பிஏ1சி பார்க்கிறோமே, அது புரதப் பரிசோதனைதான். ஹீமோகுளோபின் ஒரு புரதம். ரத்தத்தில் ஓடும் சர்க்கரை அதில் ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். ஒட்டியது அதுவரை எளிதில் விடாது. 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு என்கிறோம். சிவப்பணுக்கள் சீக்கிரமே அழிகிறவர்களுக்கு இந்த எண் குறைத்துக் காட்டி ஏமாற்றும், அதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்பது புதிய புரதங்களை. பழைய நேயர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியும், சிரிக்காதீர்கள்: கொழுப்பு என்பது மூலையில் கிடக்கும் மூட்டை அல்ல. அது ஒரு சுரப்பி. புரதங்களை ரத்தத்தில் அனுப்பி, மற்ற உறுப்புகளுக்கு ஓயாமல் கடிதம் போட்டுக்கொண்டே இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்த விசித்திரம் அடிபோனெக்டின். கொழுப்பணுதான் அதைச் செய்கிறது. ஆனால் கொழுப்பு பெருகப் பெருக ரத்தத்தில் அதன் அளவு குறைகிறது! இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவுகிற புரதம் அது. அது குறைந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதமும் பருமனில் கூடும். ஆனால் ஒரு காய்ச்சல் வந்தாலே அது எகிறிவிடும். அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நீரிழிவைப் பற்றி என்ன பேசுவது?

கொழுப்பு போடும் இன்னொரு கடிதமான லெப்டினுக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஜாக்சன் ஆய்வகத்தில் டக்ளஸ் கோல்மன் என்று ஒருவர் இருந்தார். பிறவியிலேயே குண்டாகும் எலிகள் இரண்டு வகை அவரிடம் இருந்தன. நீரிழிவு வந்த குண்டு எலியையும் சாதாரண எலியையும் ரத்தம் கலக்கும்படி சேர்த்துத் தைத்தார். குண்டு எலி தின்றுகொண்டே இருந்தது. சாதாரண எலியோ இரை எடுக்காமல் பட்டினியில் செத்தது. அதே நீரிழிவு எலியை மற்ற வகைக் குண்டு எலியோடு இணைத்தபோது பட்டினி கிடந்தது அந்த மற்ற எலி. அவருக்குப் புரிந்துவிட்டது: அந்த மற்ற எலிக்கு மூளைக்குப் 'போதும்' என்ற கடிதமே எழுதத் தெரியாது, நீரிழிவு எலி கட்டுக்கட்டாக எழுதுகிறது, ஆனால் அதற்கே படிக்கத் தெரியவில்லை. ஊகித்தது 1970களில். கடிதம் கைக்குக் கிடைத்தது 1994இல், ஜெப்ரி பிரீட்மன் குழு அந்த மரபணுவைக் கண்டுபிடித்தபோது. அந்தப் புரதம்தான் லெப்டின். நடுவில் எத்தனை வருடம் பாருங்கள்!

பிறவியிலேயே லெப்டின் இல்லாத அபூர்வமான சில குழந்தைகளுக்கு அதை ஊசியாகப் போட்டபோது பசி அடங்கி எடை இறங்கியது. எல்லோருக்கும் இதுவே மருந்தாகிவிடும் என்று முதலில் பலர் நம்பினார்கள். ஆனால் பருமனானவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் ஏற்கெனவே அதிகம். கடிதத்துக்குப் பஞ்சமில்லை, படிப்பவர்தான் இல்லை. ஆகவே உங்கள் லெப்டினை அளந்தால் கொழுப்பு நிறைய இருக்கிறது என்று சொல்லும். அதை எடை பார்க்கும் இயந்திரம் இலவசமாகவே சொல்லிவிடுமே!

ஒரு துளி ரத்தத்தில் ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே நேரத்தில் அளக்கும் முறைகள் இப்போது உண்டு. ஆய்வுக்கு அவை பெரும் செல்வம். உங்களுக்கு இன்றைக்கு எச்பிஏ1சியும், வெறும் வயிற்றுச் சர்க்கரையும், இடுப்புச் சுற்றளவும் போதும். கடிதம் வந்தும் மூளை ஏன் படிப்பதில்லை என்று ஒருவரும் கேட்க மாட்டேன் என்கிறீர்கள். யாராவது எழுதி அனுப்புங்கள், அதற்கு ஒரு முழுப் பேச்சே வைத்திருக்கிறேன்.