முடிவு தெரிந்த கதைக்குத்தான் நெஞ்சு அதிகம் படபடக்கிறது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'மனத்தை விட்டு அகலாதது மர்ம நாவலா, வரலாற்று நாவலா?' என்பது இன்றைய கேள்வி. வரலாற்று நாவலே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்பு பேசிய எதிரணி நண்பர், "யார் ஜெயித்தார், யார் செத்தார் என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. முடிவு தெரிந்த கதையில் என்ன விறுவிறுப்பு?" என்று கேட்டார். நல்ல கைத்தட்டலும் கிடைத்தது. அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

மர்ம நாவல் எனக்குப் பிடிக்காது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ராய்ட் கொலை' 1926இல் வந்தது. போன மாதம்தான் படித்தேன். கடைசிப் பக்கங்கள் வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். முடித்த கையோடு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பி, எந்த வரியில் என்னை ஏமாற்றினார் என்று தேடினேன். ஏமாற்றவே இல்லை, எல்லாம் என் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது. அபாரமான நாவல். ஆனால் பாருங்கள், கொலையாளி யார் என்று இந்த மேடையில் நான் வாய் திறக்க முடியாது. திறந்தால் இன்னும் படிக்காதவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. அந்த ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் புத்தகத்தின் பாதி உயிர் போய்விடும்.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் இரண்டாவது மனைவி ஆன் போலின், 1536 மே 19 அன்று லண்டன் டவர் கோட்டைக்குள் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். ஹிலாரி மான்டெல் 2012இல் எழுதிய 'பிரிங் அப் த பாடீஸ்' நாவல் அந்த நாளை நோக்கித்தான் போகிறது. சரி, சொல்லிவிட்டேன். ஏதாவது குறைந்துபோயிற்றா?

எனக்குத் தேதி தெரியும். கோடாரி வேண்டாம் வாள் போதும் என்று முடிவுசெய்து, அதற்காகக் கலே நகரிலிருந்து ஆள் வரவழைத்தார்கள் என்பதும் தெரியும். மேடையில் நின்றபோது ஆன் திரும்பித் திரும்பிப் பார்த்தார் என்று அன்றைய குறிப்புகள் சொல்கின்றன. அரசர் மனம் மாறி மன்னிப்பு ஓலை அனுப்பியிருப்பாரோ என்ற நப்பாசை! நாவலில் அந்தக் கட்டம் வந்தபோது நானும் அவரோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தேன், ஓலையோடு ஒருவன் ஓடிவந்துவிட மாட்டானா என்று. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக யாரும் வரவில்லை என்று தெரிந்தும் பார்த்தேன்.

இன்னொன்றும் உண்டு. அந்த மரணத்துக்கு வழி செய்கிற அமைச்சர் தாமஸ் கிராம்வெல்தான் கதையின் நாயகர். நான்கே ஆண்டுகளில், 1540 ஜூலை 28 அன்று, அவர் தலையும் உருண்டது. நாவலுக்குள் இருக்கும் அவருக்கு அது தெரியாது, படிக்கிற நமக்குத் தெரியும். புதுப் பதவி கிடைத்து ஒவ்வொரு படியாக அவர் மேலே ஏற ஏற, நமக்குத்தான் வயிற்றைப் பிசைகிறது.

நண்பர் தன் கட்சிக்குச் சாட்சியாக ஃபிரெடரிக் ஃபோர்சைத்தின் 'த டே ஆஃப் த ஜாக்கல்' நாவலை அழைத்தார். பிரெஞ்சு அதிபர் டிகாலைச் சுட ஒரு கூலிக் கொலையாளியை அமர்த்துகிறார்கள். கதை நடப்பது 1963இல். டிகால் 1970இல் தன் வீட்டில்தான் காலமானார். நாவல் வெளிவந்தது 1971இல். முதல் நாளே வாங்கியவருக்குக்கூடக் குண்டு படவில்லை என்பது தெரியும்! அப்படியிருந்தும், என்றோ இறந்துபோன ஒரு குழந்தையின் பெயரில் அவன் பாஸ்போர்ட் வாங்கக் கிளம்பும் இடத்தில் என்னால் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. எங்கே சறுக்கப்போகிறான் என்றுதான் மனம் அலைந்தது. நடுவர் அவர்களே, இந்தச் சாட்சி எங்கள் அணிக்கு வரவேண்டியவர்.

எல்லா வரலாற்று நாவலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். அண்மையில் எடுத்த ஒன்றில் இளவரசியின் நகைகளுக்கே மூன்று பக்கம் போனது. பாதியிலேயே மூடிவைத்தேன். அப்புறம், மனசு கேட்காமல் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை மறுபடி எடுத்தேன். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் யார் என்பது உடையார்குடிக் கல்வெட்டில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது: சோமன், ரவிதாசன், பரமேசுவரன். அவர்கள் சொத்தையும் உறவினர் சொத்தையும் பறிமுதல் செய்யச் சொன்ன ஆணை அது. ஏன் கொன்றார்கள் என்று அதில் ஒரு வரியும் இல்லை. 1950இல் தொடங்கி 1954 வரை தொடர்கதையாக எழுதிய கல்கி, அந்த இடைவெளிக்குள்தான் புகுந்தார். கடைசியில் யார் கை என்பதை அவரும் அடித்துச் சொல்லவில்லை. வாசகர்கள் இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

கொலையாளிகள் பெயரை இப்போது நானே சொல்லிவிட்டேன். அந்த நாவலை இன்னும் படிக்காதவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் என்மீது கோபம் தெரிகிறதா, ஆர்வம் தெரிகிறதா என்று நடுவர் அவர்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

நன்றி, வணக்கம்.