கொத்துக் கொத்தாய் வரும் நடுக்கம்

(மலேசியாவில் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடையை அதிகம் திருத்தவில்லை.)

எல்லாருக்கும் வணக்கம். பசியாறிவிட்டுத்தான் வந்திருப்பீர்கள் என்று நம்பி, நிலநடுக்கங்கள் கொத்துக் கொத்தாய் வருவதை அளக்கக் கொஞ்சம் கணக்குப் பேசப் போகிறேன்.

2004 டிசம்பர் 26, நம்ம நேரப்படி காலை ஒன்பதுக்குச் சற்று முன்னால், சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 9.1 அளவு நிலநடுக்கம். மதியம் சுனாமி அலை இங்கே வந்தது. பத்து ஃபெரிங்கியிலும் புலாவ் பெத்தோங்கிலும் நடந்ததை என்னைவிட நீங்கள்தான் நன்றாகச் சொல்வீர்கள். மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில். சரி, முடிந்தது என்று மூச்சு விட்டால், மூன்றே மாதத்தில் அதே சுமத்ராப் பக்கம் நியாஸ் தீவருகே 8.6. உலகக் கணக்கில் அது 2005 மார்ச் 28. நம்ம கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டிச் சில நிமிடம். 2007 செப்டம்பரில் பெங்குலு அருகே 8.4, சுமார் 12 மணி நேரத்தில் இன்னொன்று 7.9. 2012 ஏப்ரல் 11 அன்று 8.6, இரண்டு மணி நேரத்தில் 8.2.

வருடக் கணக்கில் பார்த்தால் இது ஒரு கொத்து. உள்ளே போனால் ஜோடி ஜோடியாய்ச் சின்னக் கொத்துகள். ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் பின்னதிர்வுகள், அவற்றில் பெரிதாக வந்த ஒன்றுக்கு அதற்கென்று தனிக் கூட்டம். கிட்டப் போனாலும் எட்ட நின்றாலும் ஒரே மாதிரி சாயல் தெரிந்தால் அதுதான் ஃபிராக்டல். கணித அறிஞர் மண்டெல்பிராட் இந்தப் பெயரை வைத்தது 1975இல். கடற்கரை, பெரணி இலை என்று படம் காட்டுவார்கள். நான் காலத்தில் விழும் கொத்துகளைச் சொல்கிறேன்.

நாசி கண்டார் கடை வாசலில் உட்கார்ந்து, ஆள் வர வர நோட்டில் ஒரு கோடு போடுங்கள். மதியம் கோடுகள் நெருங்கி நிற்கும், மூன்று மணிக்கு வெற்றிடம். அந்த நெருக்கத்துக்குள்ளும் ஓர் ஆபீஸ் கும்பல், ஒரு குடும்பம், மறுபடி இடைவெளி. இதை எப்படி அளப்பது? அந்த ஒரு நாள் முழுவதையும் ஒரு மணி நேரப் பெட்டிகளாக வெட்டி, ஒரு கோடாவது விழுந்த பெட்டிகளை மட்டும் எண்ணுங்கள். அப்புறம் அரை மணி, கால் மணி, இப்படியே. பெட்டி பாதியாகும்போது நிரம்பிய பெட்டிகள் இரண்டு மடங்கானால், வரத்து பரவலாக இருக்கிறது; கோடுகள் காலத்தை எவ்வளவு நிரப்புகின்றன என்று சொல்லும் எண்ணைப் பரிமாணம் என்போம், இங்கே அது 1. இரண்டு மடங்குக்குக் குறைவாகவே கூடினால் அது 1க்குக் கீழே இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு கொத்து. பெட்டியின் அளவையும் நிரம்பிய பெட்டிகளின் எண்ணிக்கையையும் மடக்கைத் தாளில், அதாவது லாக் அளவு போட்ட வரைபடத் தாளில், புள்ளி வைத்தால் கோட்டின் சாய்வே விடை. வனுவாட்டு பகுதி நடுக்கங்களுக்கு இதே வேலையை 1987இல் செய்து பார்த்துவிட்டார்கள்.

இதன் வேர் இன்னும் பழசு. 1891இல் ஜப்பானை உலுக்கிய நோபி நடுக்கத்தின் பின்னதிர்வுகளை நாள் வாரியாக எண்ணி, நாள் ஆக ஆக அவை எந்த விகிதத்தில் தேய்கின்றன என்று ஜப்பானிய நிலநடுக்க ஆய்வாளர் ஓமோரி 1894இல் சொன்னார். பின்னாளில் குட்டன்பெர்க், ரிக்டர் என்ற நிலநடுக்க ஆய்வாளர்கள் கண்டது, அளவு ஒன்று குறைந்தால் எண்ணிக்கை ஏறக்குறைய பத்து மடங்கு கூடும் என்பது. இரண்டிலுமே ‘இதுதான் வழக்கமான நடுக்கம்’ என்று சொல்ல ஓர் அளவு கிடையாது.

இதில் ஏமாறுவது சுலபம், நானே ஏமாந்திருக்கிறேன். பெரிய நடுக்கம் வந்த முதல் சில மணி நேரம் சின்ன அதிர்வுகள் பெரிய நடுக்கத்தின் அதிர்வலைக்குள் மூழ்கிவிடும், நடுக்கப் பட்டியலில் ஏறாது. கருவிகள் கூடக் கூடப் பதிவும் கூடும்; அதைப் பார்த்து பூமிதான் அதிகம் ஆடுகிறது என்று நினைத்துவிடுவோம். அதனால் ஓர் அளவுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டுத்தான் எண்ண வேண்டும். அதே எண்ணிக்கையைக் குலுக்கல் சீட்டுப் போலக் காலத்தில் சிதறவிட்டு, அதற்கும் பரிமாணம் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். இந்த ஒப்பீடு இல்லாத கட்டுரையை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

‘அப்போ அடுத்தது எப்போ?’ என்று முன்வரிசையில் ஓர் அக்கா கேட்டார். இந்தப் பரிமாண எண் தேதி சொல்லாது அக்கா. ஒன்று வந்துவிட்டால் அடுத்த சில நாள் சாதாரண நாள் இல்லை என்று சொல்லும், அவ்வளவுதான். தேதியும் நேரமும் போட்டு வாட்ஸ்அப்பில் வருவதை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புங்கள்.

பின்னாலிருந்து ஓர் ஐயா, பகாங் புக்கிட் திங்கியில் 2007 கடைசியில் தொடங்கிய சிறு அதிர்வுகளுக்கும் பெட்டி எண்ணலாமா என்றார். எண்ணலாம் ஐயா. ஆனால் அங்கே பதிவானவை கொஞ்சம், தாளில் நாலைந்து புள்ளிதான் தேறும், அதற்கு நடுவே நான் விரும்பிய சாய்வில் ஒரு கோடு போட்டுக் காட்ட என்னாலும் முடியும், உங்களாலும் முடியும்.