விண்ணப்பிக்காத பிள்ளைகளின் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தபோது, பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர்ந்த மாணவி ஒருத்தி அம்மாவோடு என்னைப் பார்க்க வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம், எல்லாம் அதில் இருந்தன. உதவித்தொகை மட்டும் வரவில்லை. பிரித்துப் பார்த்தேன். மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் ஒற்றைத் தலைப்பெழுத்து. ஆதாரிலோ பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப் பெயர். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைக்கப்படவே இல்லை. கல்லூரியில் இ-சேவை மையத்துக்குப் போகச் சொன்னார்களாம், அங்கே வங்கிக்கு, வங்கியில் ஆதார் மையத்துக்கு. அம்மாவுக்கு மூன்று நாள் கூலி போய்விட்டது. "படிப்பை நிறுத்திவிடலாமா டீச்சர்?" என்று கேட்டார்.

பட்டியல் இன மாணவர்களுக்கான, 10ஆம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைத் திட்டம் 1944இல் தொடங்கியது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இதைத் திருத்தி, ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் தந்தது. நூற்றுக்கு 60 பங்கு மத்திய அரசு, மீதி மாநில அரசு. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடும் மிக ஏழைப் பிள்ளைகள் 1.36 கோடிப் பேரை ஐந்தாண்டில் மேற்படிப்புக்குக் கொண்டுவரலாம் என்றும் அரசு மதிப்பிட்டது. அவர்களைத் தேடிச் சேர்க்க இயக்கம் நடத்தப்படும் என்றது. மக்களே சரிபார்க்கும் சமூகத் தணிக்கை, ஆண்டுதோறும் வெளியார் மதிப்பீடு, கல்வி நிறுவனங்களின் அரையாண்டு அறிக்கை ஆகியவையும் அறிவிப்பில் இருந்தன.

தேடிப் போவோம் என்று அரசே சொன்னதை நான் மனதார வரவேற்றேன். ஆனால் தேடினார்களா என்று பார்ப்பது யார்?

நான் பார்த்த விழிப்புணர்வு முகாம்களில் பேனர் கட்டுவார்கள், அதிகாரி பேசுவார், புகைப்படம் எடுப்பார்கள். எத்தனை பேர் பங்கேற்றார்கள் என்று மேலிடத்துக்கு அறிக்கை போகும். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குப் பணம் வந்தது என்று கேட்டு எங்கள் பள்ளிக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை. சுற்றறிக்கை அறிவிப்புப் பலகையில் வெயிலில் வெளுத்துக் கிடக்கும்.

இது என் பள்ளியின் கதை மட்டுமில்லை. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் இத்திட்டத்தை ஆராய்ந்து 2018இல் அறிக்கை தந்தார். தகுதியுள்ள மாணவர் எல்லோரையும் உரிய காலத்தில் சென்றடைவதற்கான ஆண்டுச் செயல்திட்டம் இல்லை, தகுதியுள்ளவர்கள் யார் என்ற தரவுத்தளமே இல்லை என்று அது சொன்னது. எனக்கு மிகவும் உறுத்தியது இந்த இரண்டாவது குறைதான். தகுதியில்லாதவருக்குப் பணம் போனால் ரசீது இருக்கும், தணிக்கையில் அகப்படும். தகுதியிருந்தும் விண்ணப்பிக்காத பெண்ணைப் பற்றி எந்தக் கோப்பிலும் ஒரு தாள் இருக்காது.

பெரிய செலவில்லாத ஒரு வழி எனக்குத் தோன்றுகிறது. ஊராட்சியில் அந்த ஆண்டு பத்தாம் வகுப்பு தேறியவர்களின் பட்டியல் பள்ளியில் இருக்கிறது. ஆகஸ்ட் 15 கிராம சபைக்குள் மேல்வகுப்புச் சேர்க்கை முடிந்துவிடும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எங்கே படிக்கிறார், விண்ணப்பித்தாரா என்று குறித்து வைக்கலாம். சாதி, வருமான விவரங்களைச் சபையில் படிக்கக் கூடாது. அது பிள்ளைகளைக் கூச வைக்கும். எத்தனை பெயருக்கு எதிரே கட்டம் காலியாக இருக்கிறது என்ற எண்ணிக்கையைச் சொன்னால் போதும். அந்த வீடுகளுக்கு எந்த அலுவலர், எந்தத் தேதிக்குள் போவார் என்பதைத் தீர்மானத்தில் எழுதிவிடலாம். அடுத்த கிராம சபை அக்டோபர் 2. போனாரா என்று அன்றைக்கு ஊரார் கேட்கலாம்.

நன்றி, வணக்கம்.