யாரெல்லாம் இருக்கிறீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பள்ளிக்கூடத்தின் கணினி அறையை நான் கவனித்துக்கொண்டிருந்த காலம். அங்கிருந்த பிரிண்டரின் மூடிமேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டி வைத்திருந்தேன். அதில் இருந்தது பிரிண்டரின் ஐபி முகவரி, அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண். மின்சாரம் போய் வந்தால் சில நாள் ரவுட்டர் அதற்கு வேறு முகவரியைக் கொடுத்துவிடும். பிள்ளைகள் பொத்தானை அழுத்துவார்கள், தாள் வராது. பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிதை எழுதுவேன். அப்படி அடித்து அடித்து அந்தத் தாளில் இடமே இல்லாமல் போயிற்று.

அந்தத் தாளே வேண்டாம் என்று ஆக்கிய ஏற்பாட்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகளைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டிப் பார்க்கலாம். வழக்கமான வீட்டு வலையமைப்பில் 254 முகவரிகள் உண்டு. கதவு திறந்தாலும் உள்ளே இருப்பது பிரிண்டரா, டிவியா என்று அப்புறம் விசாரிக்க வேண்டும். அதைவிட, தெருமுனையில் நின்று, 'அச்சடித்துத் தருபவர் யாராவது இருக்கிறீர்களா?' என்று ஒரு குரல் கொடுத்தால் போதாதா? உரியவர் மட்டும் பதில் சொல்வார். இதற்குப் பெயர் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ். 224.0.0.251 என்ற பொது முகவரியில் கேள்வி போகும், கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாக் கருவிகளின் காதிலும் விழும். நடுவில் பதிவேடு வைத்துக் கணக்குப் பார்க்கும் அதிகாரி யாரும் கிடையாது.

1980களிலேயே ஆப்பிளின் ஆப்பிள்டாக் என்ற வலையமைப்பு முறையில் இந்த வசதி இருந்தது. கம்பியைச் செருகினால் பிரிண்டரின் பெயர் திரையில் வந்துவிடும். பிறகு எல்லோரும் இணையத்தின் ஐபி முறைக்கு மாறியபோது அந்தச் சுகம் போய்விட்டது. அதை ஐபியிலும் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் ஆப்பிள் பொறியாளர் ஸ்டூவர்ட் செஷயர். அந்த ஏற்பாடு 2002இல் மேக் கணினிகளில் வந்தது, 2005இல் பான்ஜூர் என்று பெயர் மாறியது. லினக்ஸில் அவாஹி என்ற மென்பொருள் இதே வேலையைச் செய்கிறது. செஷயரும் மார்க் க்ரோக்மலும் எழுதிய விதிகள் 2013இல் ஆர்எஃப்சி 6762 என்ற இணையத் தர ஆவணமாக வெளியாயின.

அந்த விதிகளில் இருக்கும் நாகரிகம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். புதிதாக வரும் கணினி தனக்கு ஒரு பெயரை எடுத்துக்கொள்ளும் முன், 'இந்தப் பெயரில் யாராவது உண்டா?' என்று கால் நொடி இடைவெளியில் மூன்று முறை கேட்கிறது. இருந்தால், தன் பெயருக்குப் பின்னால் 2 என்று சேர்த்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறது. கேள்வி கேட்பவர், தமக்கு ஏற்கெனவே தெரிந்த பதில்களையும் சேர்த்தே சொல்கிறார்; அந்தப் பதில்காரர்கள் மறுபடி வாய் திறக்க வேண்டியதில்லை. பலர் பதில் சொல்லக்கூடிய கேள்வி என்றால், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தாமல் ஆளுக்குக் கொஞ்சம் தாமதித்துப் பேசுகிறார்கள். முறையாக அணைத்தால், 'போய் வருகிறேன்' என்றும் சொல்லிவிட்டுத்தான் போகும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இந்தக் குரல் சாதாரணமாக ரவுட்டரைத் தாண்டாது, ஆனால் அதே வைஃபையில் இருப்பவர் எல்லோருக்கும் கேட்கும். நம்மில் பலர் லேப்டாப்புக்குச் சொந்தப் பெயரையே வைத்திருக்கிறோம். அதுவும் சேர்ந்து கேட்கும். புது வைஃபையில் சேரும்போது இது பொது வலையமைப்பா, சொந்த வலையமைப்பா என்று விண்டோஸ் கேட்டால், ரயில் நிலையத்திலும் விடுதியிலும் பொது என்றே சொல்லுங்கள். சொந்தம் என்பதை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.