நொண்டல் நின்ற பிறகுதான் ஆபத்து: குதிரையின் தசைநாண் காயம்

[காட்சி: கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை. மணலில் சவாரிக் குதிரை. கேமரா அதன் முன்னங்காலுக்கு நெருங்குகிறது.]

முட்டிக்குக் கீழே, காலோட பின்பக்கத்தைப் பாருங்க. அங்க சதையே கிடையாது. எலும்பு, அதை ஒட்டி ஜவ்வு, அதுக்கும் பின்னாடி தசைநாண், அதாவது தசையை எலும்போட சேர்க்கிற கயிறு மாதிரியான நார். 350, 400 கிலோ உடம்புல பாதிக்கு மேல முன்னங்கால்தான் தாங்குது. கால் புதையுற மணல்ல திரும்பத் திரும்ப விரட்டினா, தசைநாணோட இழைகள் உள்ளுக்குள்ள அறுந்துபோகும்.

தொட்டா சூடு, வீக்கம், காலை வெடுக்குனு இழுத்துக்கும். நொண்டல் லேசா இருக்கேன்னு விட்டுடாதீங்க.

[காட்சி: துறைமுகத்தில் உடைத்த ஐஸ், ஒரு வாளி.]

எண்ணெய் போட்டு நீவுறது, சுடுதண்ணி ஒத்தடம், ரெண்டும் இப்போ கூடாது. வீக்கம் ஏறும். கடல்ல நிறுத்தினாலும் பத்தாது, நம்ம கடல் தண்ணி அவ்வளவு குளிராது. மீனுக்குப் போடுற ஐஸை வாங்கி வாளித் தண்ணியில கொட்டி, காலை 20 நிமிஷம் வைங்க. முதல் 2, 3 நாளைக்குத் தினமும் நாலஞ்சு தடவை. அப்புறம் பஞ்சு வெச்சு, இறுக்கம் ஒரே சீரா இருக்கிற மாதிரி கட்டு. வலி மருந்தை டாக்டர் சொன்ன அளவுல மட்டும் கொடுங்க.

ஸ்கேனை ஒரு வாரம் கழிச்சு எடுத்தா கிழிசலோட முழு அளவும் தெரியும், முதல் நாள்ல அது தெரியாது. புதுச்சேரி குரும்பாபேட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. குதிரைக்கு ஸ்கேன் வசதி உண்டான்னு போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க.

[காட்சி: லாயத்தில் நிற்கும் குதிரை.]

இனிமேதான் முக்கியமான கட்டம். சில வாரத்துல நொண்டல் நின்னுடும். காயம் ஆறிடுச்சுன்னு அர்த்தமில்ல. புதுசா வந்த இழைகள் பலமில்லாம, கண்டபடி திசை மாறிக் கிடக்கும். கொஞ்சம் கொஞ்சமா பாரம் பட்டாதான் அது காலோட நீளத்துக்கு ஒழுங்காகும். பெரிய கிழிசலுக்கு 9 மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஆகும். சீசன்ல குதிரை கட்டிக் கிடந்தா வீட்டுல அடுப்பு எரியறதே கஷ்டம்தான். ஆனா இப்போ மணல்ல இறக்கினா அதே இடம் மறுபடி கிழியும், ரெண்டாவது காயம் சவாரியையே முடிச்சிடலாம்.

டாக்டர் சரின்னு சொன்னதும், கெட்டியான சமதரையில கையில பிடிச்சு 5, 10 நிமிஷம் நடத்துங்க. வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்க. மாசக்கணக்குல நடை மட்டும்தான். ஓட்டம் ஸ்கேன் பார்த்த பிறகு, புதையுற மணல் எல்லாத்துக்கும் கடைசியில.

கட்டியே கிடந்த குதிரை வெளியே வந்ததும் துள்ளும், அந்த ஒரு துள்ளலே போதும் கிழிய. அதனால கொள்ளைக் குறைச்சுப் புல்லைக் கூட்டுங்க. நடத்துறதை விடியக்காலையில, பட்டாசுச் சத்தமும் நாய்களும் இல்லாத தெருவுல வெச்சுக்குங்க. கயிறு, அதுக்குப் பழக்கமானவர் கையில இருக்கட்டும்.